சாயத்தைப் பிடிக்கும் தேங்காய் நார்த்தூள், உப்பை என்ன செய்யும்?

சில மாதங்களுக்கு ஒருமுறை இந்தச் செய்தி ஏதாவது ஒரு வடிவத்தில் நம் போனுக்கு வந்துவிடும். வாழைத்தோல், ஆரஞ்சுத் தோல், வேப்பிலை, தேங்காய் நார்த்தூள் என்று பொருள் மட்டும் மாறும். மீதி எல்லாம் அப்படியே இருக்கும். ஒரு கல்லூரி ஆய்வகம், இரண்டு கண்ணாடிக் குடுவைகள், ஒன்றில் அடர்நீலத் தண்ணீர், இன்னொன்றில் பளிங்கு மாதிரித் தெளிந்த தண்ணீர். "சாயக்கழிவை 98 சதவீதம் சுத்தமாக்கும் இயற்கை முறை" என்று ஒரு தலைப்பு. பார்த்ததும் எழும் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: இவ்வளவு சுலபம் என்றால் நொய்யல் ஏன் அந்தக் கதிக்கு ஆளாச்சு?

நியாயமான கேள்வி. அந்த ஆய்வுகள் பொய் இல்லை. நார்த்தூள் உண்மையிலேயே சாயத்தைப் பிடிக்கிறது. குடுவையில் இருக்கும் தண்ணீரும் உண்மையிலேயே தெளிகிறது. ஆனால் சாயப்பட்டறையிலிருந்து வரும் தண்ணீரில் நம் கண்ணுக்குத் தெரிவது சாயம் மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று அதைவிடப் பல மடங்கு அதிகமாக அதில் கரைந்திருக்கிறது. அது உப்பு.

<b>பெல்ஃபாஸ்ட் முதல் கோவை வரை</b>

தாவரக் கழிவை வைத்துச் சாயத்தைப் பிடிக்கும் யோசனை புதிது இல்லை. 1976இலேயே வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் ஜி. மெக்கேயும் அவருடைய சகாக்களும் சதுப்பு நிலக் கரியையும் மரத்தூளையும் சாயத்தண்ணீரில் போட்டுப் பார்த்து, அதை இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார்கள். அவர்களுக்கு இருந்த காரணமும் இன்றைக்குச் சொல்லப்படும் அதே காரணம்தான். கடையில் வாங்கும் ஆக்டிவேட்டட் கார்பன் நன்றாக வேலை செய்யும், ஆனால் விலை அதிகம். சும்மா கிடக்கும் பொருள் ஒன்று அதே வேலையைச் செய்தால் லாபம்தானே.

இந்தியாவில் இந்தத் துறையின் ஒரு முக்கிய முகவரி திருப்பூருக்குப் பக்கத்திலேயே இருந்தது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி. நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் 1990களின் தொடக்கத்திலிருந்து வாழைத்தண்டு, ஆரஞ்சுத் தோல், தேங்காய் நார்த்தூள் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து வெளியிட்ட கட்டுரைகளை இன்றும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். போபாலில் சோயா புண்ணாக்கு, ஹரியானாவின் ஹிசாரில் மரத்தூள் என்று மற்ற ஊர்களிலும் அந்தந்த ஊர்க் கழிவை வைத்து ஆய்வு நடந்தது. 2006, 2009ஆம் ஆண்டுகளில் இந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பெரிய மதிப்பாய்வுக் கட்டுரைகளே வந்துவிட்டன. அதாவது இது யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட விஷயம் கிடையாது. ஐம்பது வருடமாக மிக நன்றாகவே படிக்கப்பட்ட விஷயம். அப்படியிருந்தும் ஒரு பெரிய சாயத்தொழில் நகரத்தின் கழிவு மொத்தத்தையும் நார்த்தூளை நம்பி விடும் நிலை வரவில்லை.

<b>தூள் எப்படிப் பிடிக்கிறது?</b>

பள்ளி வேதியியலில் "பரப்புக் கவர்தல்" என்று படித்திருப்போம். ஸ்பாஞ்ச் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்வது போன்றது இல்லை இது. சாய மூலக்கூறு வந்து தூளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒட்ட இடம் தீர்ந்ததும் வேலையும் தீர்ந்தது. இதைக் கணக்காக எழுதிக் காட்டியவர் இர்விங் லாங்முயர். 1918இல் அவர் தந்த சமன்பாட்டைத்தான் இந்தத் துறையின் கிட்டத்தட்ட எல்லாக் கட்டுரைகளும் இன்றும் பயன்படுத்துகின்றன.

தாவரக் கழிவு என்பது பெரும்பாலும் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். இவற்றின் மேற்பரப்பில் ஆக்ஸிஜன் அடங்கிய தொகுதிகள் நிறைய உண்டு. சாதாரணத் தண்ணீரில் போட்டால் அந்தத் தொகுதிகளில் பல ஹைட்ரஜனை இழந்துவிட, மேற்பரப்பு எதிர்மின் தன்மை பெறுகிறது. எதிர்மின் பரப்பு எதை இழுக்கும்? நேர்மின் தன்மை கொண்டதை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் மீதிப் பாதி இதன் மேல்தான் நிற்கிறது.

ஏனென்றால் ஆய்வகங்களில் அதிகம் சோதிக்கப்படும் சாயம் மெத்திலீன் ப்ளூ. 1876இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஹைன்ரிச் கேரோ உருவாக்கியது. மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு, மீனுக்குப் பூஞ்சை வந்தால் ஊற்றும் நீலத் திரவமாக இதைத் தெரிந்திருக்கும். மருத்துவமனையிலும் இதற்கு வேலை உண்டு. விலை குறைவு, அளக்கச் சுலபம், சோதனை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும். இன்னொன்று, இது நேர்மின் சாயம். நார்த்தூளைக் கண்டதும் போய் ஒட்டிக்கொள்ளும்.

பனியன் துணிக்கு ஏற்றுவது இது கிடையாது. பருத்திக்கு இன்று பெரும்பாலும் பயன்படுவது ரியாக்டிவ் சாயங்கள். 1956இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த வகை. துணியோடு ரசாயனப் பிணைப்பு போட்டுக்கொள்வதால் துவைத்தாலும் போகாது. தண்ணீரில் கரைவதற்காக இவற்றின் மூலக்கூறில் சல்ஃபோனேட் தொகுதிகளை வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகுதிகள் எதிர்மின் தன்மை கொண்டவை. எதிர்மின் தூள், எதிர்மின் சாயம். ஒன்றை ஒன்று தள்ளிவிடும்.

மெத்திலீன் ப்ளூவை 98 சதவீதம் பிடித்த அதே தூளைத் திருப்பூர்ச் சாயத்தண்ணீரில் போட்டால் அந்த எண் தடாலென்று விழுவதற்கு இதுதான் காரணம். இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. தண்ணீரை நன்றாகப் புளிப்பாக்கினால் தூளின் எதிர்மின் தன்மை அடங்கிவிடும். ஆனால் சாயப்பட்டறைத் தண்ணீர் சோடா சாம்பல் கலந்து வருவது. அத்தனை லட்சம் லிட்டருக்கும் அமிலம் ஊற்றி, பிறகு மறுபடியும் நடுநிலைப்படுத்த வேண்டும். இன்னொரு வழி, தூளுக்கே ரசாயனப் பூச்சு கொடுத்து அதை நேர்மின் பரப்பாக மாற்றுவது. கோவையிலும் வெளிநாடுகளிலும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வேலை செய்கிறது. ஆனால் "செலவே இல்லாத இயற்கைக் கழிவு" என்ற அடைமொழி அந்த இடத்திலேயே கழன்றுவிடுகிறது.

<b>அந்த 98 சதவீதத்தை எப்படி வாசிப்பது?</b>

தரவு வேலை செய்பவர்களுக்கு சதவீதம் என்றாலே கொஞ்சம் சந்தேகம் வரும். எதன் சதவீதம் என்று கேட்காமல் விட முடியாது.

ஒரு லிட்டர் தண்ணீரில் 50 மில்லிகிராம் சாயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 கிராம் தூளைக் கொட்டுகிறீர்கள். 98 சதவீதம் போய்விட்டது. அதாவது 49 மில்லிகிராமை 10 கிராம் தூள் பிடித்திருக்கிறது. ஒரு கிராம் தூளுக்கு 4.9 மில்லிகிராம். ஒரு கிலோ தூளால் ஐந்து கிராம் சாயத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இதையே 1 கிராம் தூளில் சாதித்திருந்தால் கதை வேறு. இரண்டுக்கும் தலைப்பு மட்டும் "98 சதவீதம்"தான். ஆகவே பார்க்க வேண்டிய எண், ஒரு கிராம் தூள் எத்தனை மில்லிகிராம் பிடிக்கிறது என்பது. அதுவும் தண்ணீர் எந்த அளவுக்குத் தெளிந்த நிலையில் அவ்வளவு பிடிக்கிறது என்பது. அடர்த்தியான சாயக்கரைசலில் ஊறப்போட்டால் எந்தத் தூளும் வயிறு முட்டப் பிடிக்கும். கடைசி நிறத்துளியை விரட்டும்போதுதான் திணறும்.

<b>ஒரு டி-ஷர்ட்டின் கணக்கு</b>

இப்போது உப்புக்கு வருவோம். தொழிலில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவுகளை எடுத்து நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிலோ பருத்தித் துணிக்கு அடர்ந்த நிறம் ஏற்ற வேண்டும். துணியின் எடையில் 3 சதவீதம், அதாவது 30 கிராம் சாயம். மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு. குளோபர் சால்ட் என்று திருப்பூரில் மூட்டை மூட்டையாக இறங்கும் சோடியம் சல்ஃபேட் அல்லது சாதாரண உப்பு. மொத்தம் 480 கிராம் உப்பு.

சாயத்தில் 80 சதவீதம் துணியில் ஏறிவிட்டது என்று வைப்போம். மீதி 20 சதவீதம் துணிக்குப் பதிலாகத் தண்ணீரோடு வினை புரிந்து, இனி எதிலும் ஒட்ட முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. அது 6 கிராம். உப்பு? துணியில் ஒரு கிராம்கூடத் தங்கக் கூடாது. 480 கிராமும் வெளியே.

6 கிராம் சாயத்துக்கு 480 கிராம் உப்பு. எண்பது மடங்கு. 200 கிராம் எடையுள்ள ஒரு டி-ஷர்ட் என்றால் சாயம் 1.2 கிராம், உப்பு 96 கிராம். நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டின் எடையில் கிட்டத்தட்ட பாதி அளவு உப்பு அதன் பெயரில் எங்கோ கரைந்திருக்கிறது. வெளிர் நிறம் என்றால் இரண்டுமே குறையும். கறுப்பு, நேவி ப்ளூ என்றால் உப்பு இன்னும் ஏறும்.

அலசல், சோப்பு வாஷ் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ துணிக்கு 80 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றால், வெளியே வரும் கலவையில் லிட்டருக்கு 75 மில்லிகிராம் சாயமும் 6,000 மில்லிகிராம் உப்பும் இருக்கும். ஜவுளித் தொழிலுக்கு 2016இல் மத்திய அரசு அறிவித்த வரம்பில், கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் விரும்பத்தக்க அளவு 500. நார்த்தூள் அந்த 75ஐ முழுசாகவே பூஜ்ஜியமாக்கினாலும் 6,000 அப்படியே நிற்கும். கரைந்த உப்பை இத்தகைய தூளால் பிடிக்க முடியாது. சொல்லப்போனால் நார்த்தூளுக்கே இயல்பாகக் கொஞ்சம் உப்பு உண்டு. செடி வளர்க்க விற்பவர்கள் அதை முதலில் நன்றாக அலசி எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு உப்பு எதற்கு என்ற கேள்வி வரும். விடை மேலே சொன்ன அந்த ஒரு வரியில் இருக்கிறது. பருத்தியும் தாவரம்தானே! அதுவும் செல்லுலோஸ். தண்ணீரில் அதன் மேற்பரப்பும் எதிர்மின் தன்மை கொண்டது. நார்த்தூளைப் போலவே பனியன் துணியும் ரியாக்டிவ் சாயத்தைத் தள்ளிவிடும். அந்தத் தள்ளலை மட்டுப்படுத்தி, சாயத்தைத் துணியின் பக்கம் நெட்டித் தள்ளத்தான் அத்தனை சோடியம். ஆய்வகத்தில் நார்த்தூள் தோற்பதற்கும், பட்டறையில் மூட்டை மூட்டையாக உப்பு கொட்டுவதற்கும் காரணம் ஒன்றே.

<b>திருப்பூர் ஏற்கனவே செய்து பார்த்த சோதனை</b>

"நிறத்தை மட்டும் எடுத்தால் என்ன ஆகும்?" இதற்கு ஆய்வகம் தேவையில்லை. திருப்பூர் அதை நிஜத்திலேயே செய்து பார்த்துவிட்டது.

1990களின் பிற்பகுதியில் அங்கே தனித்தனியாகவும் பொதுவாகவும் அமைக்கப்பட்ட முதல் தலைமுறை சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு நிறத்தையும் கசடையும் இறக்கின. தண்ணீர் ஓரளவு தெளிந்தது. உப்பு தெளியவில்லை. அந்தத் தண்ணீர் நொய்யலில் இறங்கி, 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. பயிருக்கு வர வேண்டிய நீர் பயிருக்கு ஆகாத நீராச்சு. கிணறுகளிலும் உப்பு ஏறியது. சோடியம் மிகுந்த தண்ணீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் களிமண் துகள்கள் பிரிந்து, மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் போய்விடும். வண்டலின் மேல் படிந்த நிறம் வெயிலில் வெளுக்கலாம். மண்ணுக்குள் போன சோடியம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுகளை எதிர்த்துச் சாயப்பட்டறை உரிமையாளர்கள் செய்த மேல்முறையீட்டில், 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்ட மூன்று மாத அவகாசம். அது நடக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் செய்யும் ஊர் அது. வேலை இழந்தவர்கள், ஆர்டரை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய முதலாளிகள், இன்னொரு பக்கம் இருபது வருடமாக நிலத்தை இழந்துகொண்டிருந்த விவசாயிகள். யார் பக்கம் நின்று பார்த்தாலும் வலித்த காலம் அது.

அதற்குப் பிறகு திருப்பூர் தேர்ந்தெடுத்த வழி வேறு. முதலில் நுண்ணுயிர்களை வைத்துச் சுத்திகரிப்பு. பிறகு நிறம் நீக்கம். பிறகு ஆர்ஓ சவ்வு. அதில் வரும் நல்ல தண்ணீர் மறுபடி பட்டறைக்கே. சவ்வு ஒதுக்கித் தள்ளும் செறிந்த உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி உப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். நிறம் நீக்குவது இந்த வரிசையில் ஒரு கட்டம்தான். பெரிய செலவு வேறு இடத்தில், ஆவியாக்குவதில் இருக்கிறது.

<b>எத்தனை டன் வேண்டும்?</b>

சரி, அந்த நிறம் நீக்கும் கட்டத்தையாவது தாவரக் கழிவிடம் ஒப்படைக்கலாமா? மேலே போட்ட கணக்கையே நீட்டிப் பார்ப்போம்.

பத்து லட்சம் லிட்டரில் 75 கிலோ சாயம். ஒரு கிராம் தூள் 20 மில்லிகிராம் பிடிக்கும் என்று வைப்போம். ரியாக்டிவ் சாயத்துக்குப் பூச்சு இல்லாத தூளிடம் இது தாராளமான எதிர்பார்ப்பு. 75 கிலோவுக்கு 3,750 கிலோ உலர்ந்த தூள் வேண்டும். திருப்பூர் அளவுக்கு, நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர் என்று எடுத்தால் 375 டன். தினமும். திரும்ப வெளியே எடுக்கும்போது அது ஈரத்தோடு வரும். நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைத் தாங்கும் என்பதால்தான் தோட்டக்காரர்கள் அதை விரும்புகிறார்கள். எவ்வளவு பிழிந்தாலும் அந்த 375 டன் இரண்டு, மூன்று மடங்காகித்தான் வெளியே வரும்.

அப்படி வருவதை எங்கே கொட்டுவது? ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் இந்த இடம் கடைசிப் பத்தியில் ஒரு வரியோடு முடிந்துவிடும். சாயம் அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. பொது சுத்திகரிப்பு நிலையங்களின் ரசாயனச் சேறு ஏற்கனவே அபாயகரக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. சாயம் ஏறிய தூளை உரக்குழிக்கு அனுப்ப யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. காற்றில்லாமல் மக்கும்போது சில அசோ சாயங்கள் உடைந்து நச்சு அமீன்களைத் தரும். எரித்தால் புகையைக் கவனிக்க வேண்டும். காரமோ ஆல்கஹாலோ ஊற்றிச் சாயத்தைக் கழற்றிவிட்டுத் தூளை மறுபடி பயன்படுத்தலாம் என்பார்கள். கழற்றிய பிறகு கையில் மிஞ்சுவது இன்னும் அடர்த்தியான ஒரு சாயத்தண்ணீர்.

தவிர, பச்சைத் தாவரப் பொருளைத் தண்ணீரில் போட்டால் அதுவும் சும்மா இருக்காது. நார்த்தூளை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு நாள் போட்டு வையுங்கள், டீ டிக்காக்‌ஷன் மாதிரி ஆகிவிடும். டானின்கள் இறங்கும். நீல நிறத்தை எடுத்துவிட்டுப் பழுப்பு நிறத்தைக் கொடுத்த கதை. அடுத்து இருக்கும் ஆர்ஓ சவ்வுக்கு இந்தக் கரிமப் பொருள் ஆகவே ஆகாது, அடைத்துக்கொள்ளும்.

"கழிவு" என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் பொள்ளாச்சி பக்கம் ரோட்டோரம் மலை மலையாகக் கிடந்த நார்த்தூள் இன்று கட்டியாக அழுத்தப்பட்டு வெளிநாட்டுப் பசுமைக் குடில்களுக்குக் கப்பலேறுகிறது. இந்தியாவின் கயிறுப் பொருள் ஏற்றுமதியில் இப்போது மதிப்பில் முன்னால் நிற்பது அதுதான். இலவசமாக இருந்த பொருளுக்கு விலை வந்துவிட்டது. "மலிவான உறிஞ்சி" என்று 1990களில் எழுதிய கட்டுரையின் பொருளாதாரம் இன்றைக்குப் பொருந்தாது.

<b>அப்படியென்றால் எங்கே உதவும்?</b>

எங்குமே உதவாது என்று சொல்லிவிட்டுப் போனால் அதுவும் தப்பு. இந்தியாவில் சாயத்தொழில் என்பது திருப்பூர் மட்டும் இல்லை.

லூதியானாவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஸ்வெட்டர், சால்வைக்கு அக்ரிலிக் நூல் அதிகம். அக்ரிலிக்குக்கு ஏற்றுவது நேர்மின் சாயம், அதாவது மெத்திலீன் ப்ளூவின் குடும்பம். மூட்டை மூட்டையாக உப்பும் தேவையில்லை. ஆய்வகத்தில் நிரூபித்த வேதியியல் உண்மையிலேயே பொருந்தும் இடம் இது. அக்ரிலிக்கில் சாயம் நன்றாக ஏறிவிடுவதால் வீணாவதும் பருத்தியைவிடக் குறைவு. சட்லெஜில் போய்ச் சேரும் புட்டா தரியா கறுப்பாக ஓடுவதற்குச் சாயம் ஒரு காரணம் மட்டுமே, ஊர்ச் சாக்கடையும் மாட்டுப் பண்ணைச் சாணமும் சேர்ந்தே அதைக் கெடுக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கூடாரம் கூடாரமாக நெல் உமி குவியும் பஞ்சாபில், சின்னப் பட்டறையின் வாசலிலேயே ஒரு வடிகட்டித் தொட்டி வைப்பது அர்த்தமுள்ள யோசனை.

பட்டுநூலுக்குச் சாயம் ஏற்றும் சிறிய பட்டறைகள் இன்னொரு இடம். பட்டுக்குப் போவது அமில வகைச் சாயம். எதிர்மின் சாயம்தான், ஆனால் குளியலே புளிப்பானது. புளிப்பில் தாவரத் தூளின் எதிர்மின் தன்மை அடங்கும் என்று பார்த்தோம். உப்பும் குறைவு. ஒரு நாளைக்குச் சில ஆயிரம் லிட்டர் என்றால் டன் கணக்கும் கைக்குள் அடங்கும். அந்தத் தூளைச் சேகரித்து முறையாக அப்புறப்படுத்த ஒரு ஏற்பாடு மட்டும் வேண்டும். வீட்டுக்கு வீடு அதை யார் செய்வது என்பதுதான் அங்கே கேள்வி.

பெரிய அளவில் ஏற்கனவே வேலை செய்கிற தாவரக் கழிவு ஒன்று இருக்கிறது. கொட்டாங்குச்சி. கொங்குப் பக்கம் தொட்டி என்பார்கள். அதைக் கரியாக்கி, 800 டிகிரிக்கு மேல் நீராவியில் வாட்டினால் கிடைப்பது ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு. உங்கள் வீட்டு வாட்டர் ஃபில்டருக்குள் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். யாரும் அதை "இயற்கை முறை" என்று ஃபார்வர்ட் செய்வதில்லை. சாயத்தைப் பொறுத்தவரை அதற்கும் ஒரு குறை உண்டு. அதன் துளைகள் மிக நுண்ணியவை, பெரிய ரியாக்டிவ் சாய மூலக்கூறுகள் எல்லாத் துளைக்குள்ளும் நுழைய முடியாது. மரத்தை வைத்துச் செய்யும் கார்பனின் துளைகள் பெரிது என்பதால் நிறம் நீக்க அதை விரும்புகிறவர்கள் உண்டு.

திருப்பூரிலேயேகூட ஓர் இடம் இருக்கிறது, எனக்கு இதுதான் மிகவும் சுவாரசியமானது. மொத்தக் கழிவையும் கலந்துவிட்ட பிறகு சுத்திகரிக்காமல், முதல் சாயக் குளியலின் தண்ணீரை மட்டும் தனியே பிடித்தால் என்ன ஆகும்? நம் கணக்கில் அது 80 லிட்டரில் வெறும் 8 லிட்டர். உப்பின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. அந்த உப்புத் தண்ணீரை அடுத்த சாயத்துக்கே திரும்பப் பயன்படுத்தலாம். அப்போது அதிலிருந்து எடுக்க வேண்டியது நிறமும் கடினத்தன்மையும் மட்டும். உப்பு இருந்தே ஆக வேண்டும்! நார்த்தூளின் மிகப் பெரிய குறை, அதாவது உப்பைத் தொடாமல் விடுவது, இங்கே குறையே இல்லை. அளவும் பத்தில் ஒரு பங்கு. நிறைந்த உப்பு, மின் தள்ளலை மறைத்து, எதிர்மின் சாயம் ஒட்டுவதற்குக் கொஞ்சம் உதவக்கூடச் செய்யும். உப்புக் குளியலை மறுபயன்பாடு செய்யும் முறை திருப்பூருக்குப் பழக்கமானதே. நிறம் நீக்க அங்கே சவ்வுகளையும் மற்ற முறைகளையும் பயன்படுத்துகிறார்கள். கரியாக்கிய அல்லது நேர்மின் பூச்சு கொடுத்த தாவரத் தூள் போட்டி போட வேண்டியது அந்தச் சவ்வோடுதான். மெத்திலீன் ப்ளூ குடுவையோடு அல்ல.

<b>பூச்சைத் துணிக்கே கொடுத்தால்?</b>

தூளை நேர்மின் பரப்பாக மாற்ற ஒரு பூச்சு உண்டு என்று சொன்னோம். குவாட்டர்னரி அம்மோனியம் தொகுதிகளைச் செல்லுலோஸோடு இணைக்கும் ஒரு வினைப்பொருள் அதற்குப் பயன்படுகிறது. தூளும் செல்லுலோஸ், பருத்தியும் செல்லுலோஸ் என்பதால் அதே வினைப்பொருளைத் துணிக்கும் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் துணியே சாயத்தை இழுக்கும். 480 கிராம் உப்பை அறவே விட்டுவிடலாம். சாயம் இன்னும் முழுமையாக ஏறுவதால் வெளியே வரும் 6 கிராமும் குறையும்.

இதுவும் புதிதில்லை, பல வருடமாகப் படிக்கப்படுவதுதான். நடைமுறையில் சிக்கல்கள் உண்டு. துணி சாயத்தை அவசரமாக இழுத்துக்கொள்வதால் நிறம் திட்டுத் திட்டாக விழலாம். சில நிறங்கள் வெயிலில் சீக்கிரம் மங்கும். வினைப்பொருள் கைப்பட ஆபத்தானது, அதைக் கையாள்பவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். இத்தனை வருடம் உப்பு முறையில் கைப்பழக்கமான சாய மாஸ்டருக்குப் புது ரெசிப்பி பழக வேண்டும். வழக்கமான சாயங்களுக்குப் பதில் குறைந்த உப்பில் ஏறும் சாயங்களை வாங்குவது இதைவிடச் சுலபமான இடைவழி. சந்தையில் அவை இப்போதே கிடைக்கின்றன, விலை கொஞ்சம் கூட.

விலை ஒப்பீடு செய்யும்போது சாய டப்பாவின் விலையை மட்டும் பார்த்தால் பழைய முறைதான் ஜெயிக்கும். ஒரு கிலோ உப்பை வாங்கும் செலவோடு, அதே ஒரு கிலோவைத் தண்ணீரிலிருந்து திரும்பப் பிரிக்க எரிக்கும் விறகையும் மின்சாரத்தையும் சேர்த்தால்தான் கணக்கு சரியாக வரும். பிரித்தெடுத்த உப்பிலும் மறுபடி பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு ஒரு பங்கு மிஞ்சுகிறது. வாங்க ஆளில்லாமல், கொட்ட இடமில்லாமல், மழை படாதபடி ஷெட் போட்டு மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.